மச்சான் குறைத்த ரத்த அழுத்தம்

ரிப்பேரான துவைக்கும் இயந்திரங்களுக்காக நாள் முழுக்கத் திட்டு வாங்கும் அலுவலகம் அது. ஐந்தாவது மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுதான் எல்லோருக்கும் வேலை. அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் அதிசயம் இல்லை. அதைக் குறைக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியதுதான் அதிசயம். அவருடைய மனைவியின் தம்பி வேலைவெட்டி இல்லாமல் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரையே சிரிப்புப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்.

மச்சான் தினமும் காலையில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார். சிரிக்காதவர்களைப் பற்றி முதலாளியிடம் வத்தி வைத்தார். ஆகவே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு நர்ஸ் வந்து எல்லோருக்கும் அழுத்தம் பார்த்திருந்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தார். சராசரி நன்றாகவே இறங்கியிருந்தது. மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பயிற்சியை மற்ற கம்பெனிகளுக்கும் விற்க முதலாளி ஆசைப்பட்டார். விளம்பரத்தில் போட 'புள்ளியியல்படி நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு வரி வேண்டும். அதற்காக, அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார். எல்லோரும் அவளைப் 'புள்ளி' என்றே அழைத்தார்கள். பெரும்புள்ளி இல்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த ஒடிந்த நாற்காலியைப் பார்த்தாலே தெரியும்.

"எப்படிம்மா நிரூபிப்பீங்க?" என்றார் முதலாளி.

"முதல்ல, பயிற்சியால எதுவும் மாறலைன்னு வெச்சுக்குவோம் சார்."

"ஆரம்பிக்கும்போதே ஏம்மா அபசகுனமா பேசுறீங்க?"

"அதான் சார் முறை. எதுவும் மாறலைன்னா, இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வருமான்னு பார்ப்போம். வர்றது ரொம்ப அபூர்வம்னா, அந்த நினைப்பைத் தூக்கிப் போட்டுடுவோம்."

"அப்ப இப்பவே தூக்கிப் போட்டுடுங்களேன்" என்றார் மச்சான்.

புள்ளி தன் இடத்துக்குப் போய், ஒவ்வொருவருடைய முன் அளவையும் பின் அளவையும் ஜோடி சேர்த்தாள். பலருக்கு ஜோடி கிடைக்கவில்லை. அழுத்தம் உச்சத்தில் இருந்த வயதானவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வேலையை விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே தலைசுற்றி விழுந்தவர். அலுவலகச் சூழலைக் கெடுத்ததாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த இடங்களில் கல்லூரி முடித்த இளவட்டங்கள் வந்திருந்தார்கள். இரண்டு முறையும் அளக்கப்பட்டவர்களில் சிலருக்கு ஏறியிருந்தது, சிலருக்கு இறங்கியிருந்தது. கூட்டிக் கழித்தால் மிஞ்சிய வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியதுதான்.

"அழுத்தம் மாறல சார், ஆளுங்கதான் மாறியிருக்காங்க. ஒரே ஆளோட ரெண்டு அளவையும்தான் ஒப்பிடணும்."

"ஜோடி இல்லாதவங்களுக்கு ஜோடி சேர்த்து வைங்க. போனவருக்குப் பதிலா வந்த பையன் அதே சீட்லதானே உட்கார்றான்?" என்றார் முதலாளி.

"நான் கல்யாணத் தரகர் இல்ல சார்."

அன்று வீட்டில் அவள் கணவன் வெங்காயம் நறுக்கியபடியே கேட்டான்: "கேக்குற வரியை எழுதிக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே? உனக்கு எதுக்கு வம்பு?" அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். தலைசுற்றி விழுந்தவர் அவளுடைய பக்கத்து சீட்டுக்காரர்.

அடுத்த வாரம் பயிற்சியை வாங்க ஒரு பெரிய கம்பெனியின் இயக்குநர் அம்மையார் வந்தார். சிரித்தால் அழுத்தம் இறங்குவதைக் காட்ட முதலாளி தன் கையையே நீட்டினார். நர்ஸ் பார்த்தார், சாதாரண அளவுதான். மச்சான் கை தட்ட, முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அம்மையார் புள்ளியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே கணக்குப் பார்த்தீங்க? நிஜமாவே குறைஞ்சுதா?"

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்ல மேடம். அழுத்தம் அதிகமா இருந்த வயசானவங்க வேலையை விட்டுட்டாங்க. அதான் சராசரி இறங்கிடுச்சு."

முதலாளியின் சிரிப்பு பாதியில் விக்கி நின்றது. நர்ஸ் மறுபடி அளந்தார். பட்டையை அவிழ்த்து இன்னொரு தடவையும் அளந்தார். "சார், கொஞ்சம் படுத்துக்கிறீங்களா?"

மச்சான் நர்ஸின் காதில் கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது. "முன்னாடியையும் பின்னாடியையும் மாத்தி எழுதிடுங்க."

"சிரிச்சா ஏறுமா?" என்றார் அம்மையார்.

"ஒரே ஒரு ஆளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது மேடம்" என்றாள் புள்ளி.

அம்மையார் சற்று யோசித்தார். "இந்தப் பயிற்சி வெச்சா வயசானவங்க தானாவே போயிடுறாங்கன்னு சொல்றீங்க. நோட்டீஸ், நஷ்டஈடு எதுவும் வேணாம். எங்க ஆபீஸுக்கும் உடனே வேணும்."

சோபாவில் மல்லாந்திருந்த முதலாளி எழுந்து உட்கார்ந்தார். புள்ளியைத் தங்கமான பெண் என்றார். மச்சானோடு அங்கே போய், யார் யார் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தார்.

புள்ளி மறுநாள் வேலையை விட்டாள். இப்போது விதைப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருக்கிறாள். அங்கே முளைக்காத விதைகளையும் எண்ணச் சொல்கிறார்கள்.