ஹைக்கே வாங்கிய கார்

ஹைக்கே இருபத்தெட்டு வருஷம் ஸ்டுட்கார்ட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கக் கிளம்பினாள். கணவன் யோர்க்கும் கூட வந்தான்.

கடைக்காரர் முதலில் புதுக் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். நெடுஞ்சாலையில் அது இருநூறைத் தொட்டபோதும் உள்ளே சத்தமே இல்லை. ஹைக்கேயின் கைகள்தான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

"எப்படி இருக்கு?" என்றான் யோர்க்.

"வேலைக்குப் போற மாதிரி இருக்கு. பின்னாடி யாரோ படுத்திருக்காங்கன்னே தோணுது."

அடுத்து பழைய கார் ஒன்றை எடுத்தார்கள். துணிக் கூரை, கையால் மாற்றும் கியர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் சாலையில் அவள் எண்பதைத் தாண்டவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி துள்ளிக்கொண்டு திரும்பியது. ஹைக்கே வாய்விட்டுச் சிரித்தாள். யோர்க்குக்குக் கால் நீட்ட இடமில்லை.

"புதுசுக்கு வாரண்டி இருக்கு. இது என்னைக்கு நடுரோட்டுல நிக்கப் போகுதோ," என்றான்.

"நின்னா நிக்கட்டுமே. இப்ப யாரும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கலையே."

"அப்ப தள்ளப் போறது நான்தானா?"

"வேற யாரு? கால் நீட்டின மாதிரியும் இருக்கும்."

தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்து, அடியில் துரு இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகு பழசையே வாங்கினாள். வீட்டுக்கு நேர்வழி இருந்தும், தோட்டங்களைச் சுற்றியே போனார்கள்.