மூடி போட்ட படங்கள்

குளியலறையில் அத்தான் பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

மச்சினன் மூடி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே மவுஸை நகர்த்தினான். ‘மூடி’ என்பது அத்தான் அவனுக்கு வைத்த பெயர். கொல்லைப்புறத்துத் தொலைநோக்கியில் கேலக்ஸி, சிறுகோள் என்று அவர் படமாக எடுத்துத் தள்ளுவார். கடைசியில் குழாயின் வாய்க்கு மூடி போட்டு, கன்னங்கரேலென்று சில படங்கள் எடுத்துவைப்பது மட்டும் மச்சினன் வேலை. எடுப்பானே தவிர, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

“மூடி போடுறதுல நம்மாளு டாக்டர் பட்டம்!” என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் சிரிப்பார். வேலை போய் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவன் என்ன செய்வான்? அவனும் சேர்ந்து சிரித்து வைப்பான்.

இன்று சிரிப்பு அவனுடையது. திரையில் நேற்றைய படங்கள். அவற்றை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஓடவிட்டால், எல்லாம் ஆணி அடித்தாற்போல் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் நகர்ந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறுகோள்! காலையில் அத்தான் அக்காவிடம் குசுகுசுத்தது அவன் காதில் விழுந்திருந்தது. “முதல்ல அறிக்கை அனுப்புறவன் பேருதான் நிக்கும். சாயங்காலம் அனுப்பிடுறேன்.”

சாயங்காலமா? அதற்குள் மூடி முந்திவிடுவான்.

படங்களைப் பென்டிரைவில் ஏற்றினான். கறுப்புப் படங்களைத் தொடவில்லை. அந்தச் சனியன்கள் எதற்கு? பிறகு அத்தானின் படங்களை அழித்தான்.

வாசலில் நிழல். கையில் துண்டோடு அக்கா!

“அக்கா... சும்மா...”

“நான் எதையும் பார்க்கலடா,” என்றாள் மெல்ல. “அவரு வர்றதுக்குள்ள முடி. ஒரு தடவையாவது நீ ஜெயிக்கணும்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை, வானியல் குழு கூடும் பள்ளி அறை. தன் பெயரில் அறிக்கை அனுப்பியாயிற்று என்று மூடி அறிவித்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அத்தான் எழுந்தார்.

“ஒரு சின்ன சந்தேகம் மாப்ளே. மூடி போட்ட படத்தைப் பார்த்தியா?”

திரையில் கறுப்பு. நடுவே பளீரென்று ஒரு புள்ளி.

“கேமராவுல கெட்டுப்போன புள்ளி இது. வானமே இல்லாட்டியும் எரியும். படத்துக்குப் படம் நட்சத்திரம்தான் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும், இது அசையாது. நட்சத்திரத்தைப் பிடிச்சு நிறுத்தினா, இது ஓடுற மாதிரி தெரியும். போன மாசமே எனக்குத் தெரியும். நீ திருடிட்டு அழிச்சியே, அதுக்கெல்லாம் என்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு.”

“மூடிக்கோள்னு பேர் வைங்கப்பா!” என்றது ஒரு குரல். அறையே குலுங்கியது.

ஓடினான். வீட்டு வாசற்படியில் அவன் பெட்டி நின்றது. பக்கத்தில் அக்கா.

“அக்கா, அத்தான் எனக்குக் குழி வெட்டிட்டாருக்கா!”

“அவருக்கு ஏதுடா அவ்வளவு மூளை?” பெட்டியின் பட்டையை அவள் இழுத்து இறுக்கினாள். “கூடப்பிறந்தவனை வெளிய போன்னா ஊரு என்னைக் காறித் துப்பும். திருடனைத் துரத்தினா துப்பாது. காலையில உன் காதுல விழற மாதிரி அவரைப் பேசச் சொன்னதே நான்தான்.”