முதல் கொம்பு ஒடிந்த நாள்

புரோகோப்பி குதிரைக்காரன். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளியில் அவனுடைய பதினேழு குதிரைகள் நிற்கின்றன. மைனஸ் ஐம்பத்தைந்திலும் குளம்பால் பனியைப் பறித்துத் தானே மேய்ந்துகொள்ளும் ஜாதி அவை. வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, நாலு முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தால் அவன் வேலை முடிந்தது. மாட்டுக் கொட்டகை உஸ்தின்யாவின் ராஜ்ஜியம். வடக்கே பனிக்கடலை ஒட்டிய சகா நாட்டில், அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், குதிரை ஆணுக்கு, மாடு பெண்ணுக்கு. கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் புரோகோப்பி கொட்டகைக்குச் செய்ததெல்லாம் பனி விழுமுன் வெளிச்சுவருக்குச் சாணம் அப்பியதுதான். அதையும் ஏதோ பெரிய உபகாரம்போலச் செய்வான்.

அந்த வருடம் உஸ்தின்யாவின் முழங்கால் ஒரேயடியாக மடங்க மறுத்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஜனவரி நடுவில் படுக்கை கிடைத்தது. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மகன் செமியோன் நகரத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருந்தான். அப்பாவும் அம்மாவும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அங்கேயே வந்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். புரோகோப்பிக்கு ஐந்தாம் மாடி என்றாலே ஆகாது. அங்கே குதிரையை எங்கே நிறுத்துவது?

ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருக்கும்போது உஸ்தின்யா சொன்னாள்.

"கேட்டுக்கோ கிழவா. மூணு மாடு விட்டுட்டுப் போறேன். ரெண்டு சினை, குபாச்சான் கறவை. நான் வர்றப்ப மூணும் நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருந்துச்சுன்னா, நாம இங்கயே இருக்கலாம். நீயும் கொட்டகை பாக்க லாயக்குன்னு ஒத்துக்குறேன். ஒண்ணுல ஒரு குறை இருந்தாலும் வசந்தத்துல எல்லாத்தையும் வித்துட்டு செமியோன் வீடு. சம்மதமா?"

"சம்மதம். பதினேழு குதிரையை மேய்க்கிறவனுக்கு மூணு மாடு என்ன பிரமாதம்?"

"குதிரை உன்னை மேய்க்குது" என்று சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறினாள்.

முதல் நாளே குபாச்சான் அவனுக்குப் பாடம் நடத்தியது. வெள்ளைப் பசு. எல்லா மாடும் வசந்தத்தில் ஈன்றால் இது மட்டும் நேரங்கெட்ட நேரத்தில் அக்டோபரில் ஈன்று, குளிர்காலம் முழுக்க வீட்டுத் தேநீருக்குப் பால் தந்துகொண்டிருந்தது. புரோகோப்பி மடியைத் தொட்டதும் பாலை மேலே இழுத்துக்கொண்டு, வாளியை ஒரு உதை விட்டது. கெஞ்சினான், திட்டினான். பாச்சா பலிக்கவில்லை. மூன்று நாள் கறுப்புத் தேநீர் குடித்தான். அந்த ஊரில் கறுப்புத் தேநீர் குடிப்பது ஏறக்குறைய பட்டினி கிடப்பதுதான்.

நாலாம் நாள் அடுத்த வீட்டு ஃபெக்லா வழி சொன்னாள். உஸ்தின்யாவின் கொட்டகை அங்கியை மாட்டிக்கொண்டு, அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு போனான். பசு முகர்ந்து பார்த்தது. சற்று யோசித்தது. பிறகு பெருமூச்சு விட்டுப் பாலை இறக்கியது. ஒன்றரை லிட்டர்.

"அடி ஆத்தி, புதுப் பொண்ணு!" என்று கதவிடுக்கில் நின்று ஃபெக்லா கைதட்டினாள். "மீசையை மட்டும் எடுத்துட்டா உன்னையே கட்டிக் குடுத்துடலாம் போல."

"ஊருக்குள்ள சொல்லிடாத ஃபெக்லா."

"நான் ஏன் சொல்றேன்?"

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு வேலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலையில் சாணத்தை அள்ளிச் சறுக்குவண்டியில் ஏற்றி வெளியே இழுத்துப் போக வேண்டும். கொட்டும்போதே அது கல்லாகிவிடும். பிறகு வைக்கோல். நடுப்பகலில் மாடுகளை ஏரிக்கு ஓட்டிப் போய், முந்தின நாள் பனிக்கட்டியில் வெட்டிய துளையைக் கடப்பாரையால் மறுபடி உடைத்து, தொட்டியில் நீர் நிரப்பிக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். கிளம்புமுன் குபாச்சானின் மடி குளிரில் விறைக்காமலிருக்க உறை கட்ட வேண்டும். முயல்தோலில் உஸ்தின்யா தைத்தது, முதுகுக்கு மேல் வார் போட்டுக் கட்டுவது. அந்த வாரைக் கட்டும்போது மட்டும் பசு தினமும் ஒரு உதை கொடுக்கும். புரோகோப்பியின் இடது தொடையில் ஒரு கறுத்த ரத்தக்கட்டு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

தினமும் மாலையில் உஸ்தின்யா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்வாள். கால் எப்படி என்று இவன் கேட்பதற்குள், "உறை கட்டுனியா?" என்பாள்.

"கட்டுனேன், கட்டுனேன்."

ஜனவரி கடைசி நாள் வந்தது. அந்த ஊர்க் கதையில் குளிர்காலம் என்பது வடக்கே பனிக்கடலிலிருந்து கிளம்பி வரும் ஒரு காளை; கொம்பும் தலையும் விழ விழக் குளிர் குறையும். அதற்கு அன்றைக்குத்தான் முதல் கொம்பு ஒடியும். இரண்டாவது கொம்பு பிப்ரவரி நடுவில். தலை விழுவது அந்த மாதக் கடைசியில். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காளையும் அந்த வருடம் நாள் தவறவில்லை. இரண்டு வாரமாக மைனஸ் ஐம்பதுக்குக் கீழே கிடந்த ஜன்னல் வெப்பமானி அன்று காலை மைனஸ் முப்பத்தேழு காட்டியது. மூடுபனி விலகிச் சூரியன் தெரிந்தது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். புரோகோப்பி கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அடுப்புத் தீக்கு ஒரு துண்டு பணியாரம் போட்டு நன்றி சொன்னான். அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பத்தேழில் உறை எதற்கு, தொடையில் உதை எதற்கு என்று தோன்றியது. முயல்தோல் உறை ஆணியிலேயே தொங்கியது.

ஏரியில் ஃபெக்லா தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன புரோகோப்பி, உஸ்தின்யா மாடு வெறும் மடியோட நிக்குது?"

"கொம்புதான் ஒடிஞ்சிருச்சே."

"ஒண்ணுதானே ஒடிஞ்சுது? இன்னொண்ணு என்ன, உனக்குத் தாலாட்டுப் பாடவா இருக்கு?"

அவன் சிரித்தான். குதிரைகளைப் பற்றிப் பேச்செடுத்தான். குதிரைப் பேச்சு எடுத்தால் அவனுக்கு நேரம் போவது தெரியாது. நிரப்பும்போது வாளி தளும்பி குபாச்சானின் பின்னங்காலிலும் மடியிலும் நீர் தெறித்ததை அவன் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் அங்கே காற்று அசையாது, அதனால்தான் மனிதர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள். அன்று பார்த்து ஏரியின் மேல் காற்று எழுந்தது. பெரிய காற்றும் இல்லை. அவன் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும்.

கொட்டகையில் அங்கி மாட்டிக் கறக்க உட்கார்ந்தபோது, வலது பின்காம்பு மெழுகுபோல வெளுத்து, விறைத்திருந்தது. அழுத்தினாலும் பசு அசையவில்லை. காம்பில் உணர்வே இல்லை.

கைக்குள் வைத்துக் காம்பை அரைமணி நேரம் சூடாக்கினான். பிறகு உணர்வு வந்து பசு வலியில் கத்தியது. வெண்ணெய் தடவினான். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தான். அவர் ஒரு களிம்புப் பெயரைச் சொல்லி, "பிழைச்சா உன் அதிர்ஷ்டம், இல்லாட்டி மூணு காம்புலதான் பால் வரும்" என்றார். அந்தக் காம்பு பிழைக்கவில்லை. கொப்புளம் போட்டுக் கறுத்து, கடைசியில் சுருங்கிய முனையாக நின்றது.

காம்பு விறைத்த அன்று மாலையே போன் வந்தது.

"உறை கட்டுனியா?"

"கட்டுனேன்" என்றான். நாற்பத்தோரு வருடத்தில் அவளிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறான்தான். இந்தத் தடவை அவள் மேலே எதுவும் கேட்குமுன் போனை வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் குதிரைகளைப் பார்க்க வாரத்துக்கு ஒரு முறைதான் போனான். ஒரு நாளைக்கு நாலு தடவை களிம்பு. ஏரிக்குப் போகும்போது உறைக்குள் பழைய கம்பளித் துணி ஒன்றையும் வைத்துக் கட்டினான். உதையை வாங்கிக்கொண்டான். இரண்டாவது கொம்பு ஒடிந்த நாளில் வெப்பமானி முப்பது காட்டியது. அன்றும் கட்டினான். எப்போது என்று தெரியவில்லை, உதை நின்றுவிட்டது. ஒரு நாள் தலைத்துணி கட்ட மறந்து போனான், பசு கறந்தது. இன்னொரு நாள் அங்கியையும் விட்டுவிட்டுப் போனான். பசு அவன் தோளை நக்கியது.

காளையின் தலை விழும் வாரத்தில் உஸ்தின்யா வந்து இறங்கினாள். எட்டு மணி நேர ஜீப் பயணம், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். தேநீர் ஆறுகிறது என்றான். அவள் காதில் வாங்காமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். புரோகோப்பி அங்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

"குபாச்சான், ஏ தங்கம், நான் வந்துட்டேன்" என்றாள்.

பசு திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரி வாடையோ, ஊன்றுகோலோ, காதை விறைத்துக்கொண்டு பின்வாங்கியது. அவள் கஷ்டப்பட்டுக் குனிந்து மடியை நோக்கிக் கை நீட்டினாள். பசு காலை வீசியது. புரோகோப்பி போய் அதன் விலாவில் கை வைத்தான். உடனே அமைதியாகிவிட்டது.

உஸ்தின்யாவின் முகம் சுருங்கியது. தான் கன்றிலிருந்து வளர்த்த மாடு தன்னை உதைக்கிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கை நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்கள் போய், நாலாவதில் நின்றன.

"எப்ப?"

"முதல் கொம்பு ஒடிஞ்ச அன்னைக்கு."

"இன்னொண்ணு இருந்துச்சேடா கிழவா."

"ஃபெக்லாவும் அதைத்தான் சொன்னா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போன்ல பொய் சொல்லிட்டேன். பேச்சு பேச்சாவே இருக்கட்டும். வசந்தத்துல வித்துடலாம். செமியோனுக்கு நானே சொல்லிடுறேன்."

இதைச் சொல்லத்தான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் அவனுக்குக் குதிரைகள் ஞாபகம் வரவில்லை. இந்த வெள்ளைப் பசு வேறு யார் கொட்டகையிலோ, உறையை அவசரமாகக் கட்டுகிற யாரிடமோ நிற்கும் என்பதுதான் ஞாபகம் வந்தது.

உஸ்தின்யா வைக்கோல் கட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். பசுவையும் அதன் விலாவில் இருந்த அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் விட்டுட்டுப் போனது என் மாடு" என்றாள். "இது உன் மாடு. உன் மாட்டை விக்கச் சொல்ல நான் யாரு?"

"உஸ்தின்யா..."

"கற, நேரமாச்சு. நான் உக்காந்து பாக்குறேன்."

அவன் அங்கியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, ஒருமுறை முகர்ந்து பார்த்து, அவன் மேலேயே திருப்பி எறிந்தாள்.

"போட்டுக்கோ. சட்டை பாழாயிடும்."