ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு

அவளிடம் யோசனை கேட்கப் போனவர்கள் நாலு திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. "பழைய கிடார் ஒண்ணு விலைக்கு வருதுக்கா, பாக்கப் பளபளன்னு இருக்கு, வாங்கலாமா?" என்று ஒருவன் கேட்டால், "பளபளப்பை வெச்சு என்ன பண்ணப் போற, முகம் பாத்துத் தலை வாரப் போறியா? கழுத்து வளையாம இருக்கான்னு பாத்தியா? கம்பி எவ்வளவு மேல தூக்கி நிக்குதுன்னு பாத்தியா?" என்பாள். விற்க வந்தவன், கூட நாலு காசு கிடைக்கட்டுமே என்று பழைய கிடாருக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். "இருந்த மதிப்புல பாதியை நீயே சுரண்டிப் போட்டுட்டு வந்து நிக்கிறியே, மகராசா!" ஆனால் திட்டு வாங்கியவன் மறுபடியும் வருவான். அவள் சொன்னால் சரியாக இருக்கும். அந்தப் பெயர் அவளுக்குப் பதினாறு வருஷச் சம்பாத்தியம்.

கிடார்க்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வால்யூம் அக்கா. ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகர என்று ஒரு சத்தம் வருமே, அதைப் போக்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பெட்டிக்குள் சாமான்களெல்லாம் பொருத்தியிருக்கிற இரும்புத் தட்டை வெளியே எடுத்து, குமிழின் பின்பக்கத்து ஓட்டையில் அழுக்கு நீக்குகிற மருந்தைப் பீய்ச்சி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை திருப்பினால் தீர்ந்தது.

கடை அவளுடையதும் அவள் புருஷனுடையதும். வாசலை ஒட்டி அவர் மேசை, பின்னால் ஜன்னலோரம் அவள் மேசை. வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் எது வந்தாலும் முதலில் அவரிடம்தான் போகும். வேறொன்றும் இல்லை, அதற்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை தங்களுக்குள் நானூறு வோல்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும். சிலது தானாக வடிந்துவிடும், சிலது மறுநாள் வரைக்கும்கூட அப்படியே நிற்கும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவர் பின்பலகையைக் கழற்றி, கிளிப் மாட்டிய ஒயரால் அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, மரத்தில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுப் பின்னால் கொண்டுவந்து வைப்பார். அவள் கடைக்கு வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "இது மட்டும் என் வேலை. இதுல நீ கை வைக்காத." அக்கறையில் சொன்னதுதான். அவரும் ஒருநாள்கூட மறந்ததில்லை. அதனால் அந்தக் கிளிப்பை அவள் ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை.

அன்று காலையில் டிரைவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். லீவு நாளில் ஒரு ஹோட்டலில் கிடார் வாசிப்பார். வால்வு ஆம்ப் ஒரேயடியாகக் கரகரக்கிறது, நாளைக்கு வாசிப்பு இருக்கிறது, மூன்று மாடி இறக்கித் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை, வீட்டிலேயே செய்துகொள்ள வழி சொல்லுங்கள் அக்கா என்று கெஞ்சியிருந்தார்.

அவள் சொன்னாள். மூன்று நிமிஷம், திட்டுக்கூட இல்லாமல், எந்த ஸ்க்ரூ முதலில், எந்த ஸ்க்ரூ பிறகு, மருந்தை எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று புட்டுப் புட்டு வைத்தாள். பதிவு செய்ததைத் தானே ஒரு தடவை போட்டுக் கேட்டு, பரவாயில்லையே, அழகாகச் சொல்லியிருக்கிறோமே என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வேறு யாரோ ஒருவர் ஒரு ஆம்ப்பை வைத்துவிட்டு, "அவசரம்" என்று சொல்லிப் போனார். புருஷன் வால்வு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கரகரதானே, அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அவளே தூக்கித் தன் மேசையில் வைத்து, தட்டை வெளியே உருவிவிட்டாள். மருந்து டப்பாவும் கையுமாகக் குனிந்தபோது வாசலிலிருந்து ஒரு கத்தல்.

"கைய எடு!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. டப்பா கீழே விழுந்து உருண்டது. அவர் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மீட்டரை வைத்துக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு.

"டிக் இருக்கா பாரு இதுல! பாத்தியா? பதினாறு வருஷமா இதே வேலைல இருக்க, இதுகூடவா தெரியாது?"

தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் அவள் மேசைக்கு வந்த எந்த ஆம்ப்பிலும் அந்த வேலை மீதி இருந்ததில்லை. ஸ்க்ரூவில் ஆரம்பித்து குமிழில் முடிகிற வேலையாகவே அவள் மனதில் அது பதிந்து போயிருந்தது. அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை. காலையில் தான் பேசியதுதான் கேட்டது. 'முதல்ல ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. பிடுங்கிட்டா அப்புறம் ஒரு பயமும் இல்ல, தாராளமா கை வைக்கலாம்.'

"ஏங்க," என்றாள். "டிரைவருக்கு நான் சொல்லல."

"என்ன சொல்லல?"

"வடிக்கணும்னு சொல்லல. தாராளமா கை வைங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

டிரைவர் போனை எடுக்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் போட்டுக்கொண்டே வந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஒவ்வொரு சிக்னலும் அன்றைக்கென்று சிவப்பாகவே இருந்தது. புருஷன் ஏதாவது திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. கடவுளே, அந்த ஆள் சோம்பேறியாக இருக்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் கிடைக்காமல் இருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடிக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ நகரும் சத்தம். தாழ்ப்பாளைத் திறக்க யாரோ தடுமாறினார்கள். அப்புறம் டிரைவர் நின்றார், உயிரோடு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவருடைய வலது கை ஈரத்துண்டுக்குள் இருந்தது. "வாங்கக்கா, வாங்கண்ணே," என்று இடது கையால் நாற்காலியைக் காட்டினார். பீரோ கதவு நெளிந்திருந்தது. ஷாக் அடித்ததும் அதன்மேல்தான் போய் விழுந்தாராம். வீட்டில் யாரும் இல்லை. எத்தனை நேரம் கீழே கிடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. துண்டை விலக்கிக் காட்டினார். நடுவிரல் நுனியும் கட்டைவிரல் நுனியும் வெள்ளையாக வெந்திருந்தன. முழங்கைக்குக் கீழே இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

"என் மேலதான்கா தப்பு," என்றார் டிரைவர். "நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க. ப்ளக்கை நான் சரியாப் பிடுங்கல போல. இல்லேன்னா பக்கத்து ப்ளக்கை மாத்திப் பிடுங்கிட்டேனோ என்னமோ. நம்ம புத்தி அப்படி."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, அவளும் அதைத்தான் நினைத்தாள். ஆள் பிழைத்துவிட்டார், அவராகவே பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பேசாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி நினைத்த தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்க சரியாத்தான் பண்ணீங்க," என்றாள். "ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் நிக்கும். அதை வடிச்சுட்டுத்தான் கை வைக்கணும். அதை நான் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேல."

டிரைவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். படட்டும், கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் முகம் வேறு மாதிரி வெளுத்தது.

"அக்கா," என்றார். "அதை நான் குரூப்ல போட்டுட்டேனே."

"எந்த குரூப்?"

"கிடார் வாசிக்கிறவங்க குரூப்புக்கா. நீங்க அவ்வளவு நல்லா சொல்லியிருந்தீங்க. எல்லாருக்கும் உபயோகமா இருக்குமேன்னு, பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். நூத்திப் பன்னெண்டு பேரு."

கரகரக்காத ஆம்ப் எவன் வீட்டில் இருக்கிறது? அன்றைக்கு லீவு நாள் வேறு. டிரைவரின் போனில் அவள் மெசேஜுக்குக் கீழே கட்டைவிரல்களும் கைகூப்புகளும் வரிசையாக நின்றன. 'வால்யூம் அக்கா சொன்னா அப்பீல் இல்ல,' என்று ஒருவன் எழுதியிருந்தான்.

புருஷன் அவளைக் கதவோரம் இழுத்தார். "இங்க பாரு. தப்புன்னு சொல்லாத. காலைல சொன்னதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அதையும் சேத்துக்கங்கன்னு பதமா சொல்லு. இல்லேன்னா நானே பேசறேன், குடு. கடை பேரு என்ன ஆகறது?"

"பதமா சொன்னா எவன் முழுசாக் கேப்பான்? நானே கேக்க மாட்டேன்."

"அதுக்காக ஊரைக் கூட்டி நான் முட்டாள்னு சொல்லுவியா?"

"ஆமா, சொல்லுவேன். நீங்க இவரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஷாக் அடிச்ச ஆளு, நெஞ்சை ஒரு தடவை பாத்துடணும். இவர் போனை மட்டும் என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, டிரைவரின் உதறுகிற கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, டிரைவர் போனில் அந்த குரூப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். "வால்யூம் அக்கா பேசறேன். ஆம்ப்ல கை வைக்காதீங்க. காலைல நான் சொன்னது தப்பு. அதைக் கேட்டுக் கை வெச்ச ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிருக்கு. பிரிச்சு வெச்சிருந்தா அப்படியே விட்டுட்டு எழுந்து போயிடுங்க. நாங்க வந்து பாக்கறோம்." திருத்திப் பேச நேரமில்லை, அப்படியே அனுப்பினாள். கீழேயே தன் நம்பரையும் எழுதிப் போட்டாள்.

அதை ஒருவன் போட்டுக் கேட்டான். பத்துப் பேர் கேட்டார்கள். 'என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க' என்று ஒன்று வந்தது. 'இதுக்குத்தான் பொம்பளைங்ககிட்டக் கேக்கக் கூடாதுங்கறது' என்று இன்னொன்று. எழுதிக்கொள்ளட்டும். எழுதுகிறவன் கை ஆம்ப்பில் இல்லை, அதுவே போதும் என்று இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசினாள். "நீங்கதானே வால்யூம் அக்கா? எங்க அண்ணன் போன் என்கிட்ட இருக்கு. அவன் ரூமைச் சாத்திட்டு அதைத்தான் பிரிச்சிட்டு இருக்கான். காலைலேர்ந்து உங்க மெசேஜைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான்."

"போய்த் தட்டு! போனைக் கையில வெச்சுக்கிட்டே ஓடு!"

ஓடுவது கேட்டது. கதவு தடதடவென்று அதிர்ந்தது. "அண்ணா! டேய் அண்ணா! கதவைத் திற!" பதில் இல்லை. மறுபடியும் தட்டல். பதில் இல்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு வீட்டுக் கதவை மனதால் இடித்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாள் விழும் சத்தம். "என்னடி எழவு, ஹெட்போன் போட்டாலும் விட மாட்டியா? இப்பதான் தட்டை வெளிய எடுத்தேன், அதுக்குள்ள..." என்று ஒருத்தன் தங்கையை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும். மாடிப்படியில் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

நூற்றுப் பன்னிரண்டில் இன்னும் நாற்பத்தேழு பேர் கேட்கவில்லை. பட்டியலைத் திறந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருவனிடம் வால்வு ஆம்ப்பே இல்லை. ஒருவன் தூக்கத்திலிருந்து எழுந்து எரிந்து விழுந்தான். ஒன்பதாவது ஆள் குதூகலமாக எடுத்தான்.

"அக்கா! நீங்களா? உங்க மெசேஜைக் கேட்டு அப்பவே பண்ணிட்டேன்கா! சின்னப் பொண்ணு தட்டைப் பிடிச்சுக்கிட்டா, நான் உள்ள விரலை விட்டு நல்லாத் துடைச்சேன். கரகர சுத்தமாப் போயிடுச்சு. உங்க புண்ணியம்கா!"

பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டாள். ஆறு என்றான்.

"எனக்கு நன்றி சொல்லாதப்பா," என்றாள். "உன் ஆம்ப்ல கரண்ட் தானா வடிஞ்சிருக்கு, அதான் தப்பிச்சீங்க. நான் சொன்னது தப்பு. அந்தக் குழந்தையை இனி அதுகிட்ட விடாத."

மறுமுனையில் உள்ளே எங்கோ ஒரு குழந்தை, "யாருப்பா?" என்று கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைத் தட்டினாள்.