விட்ட பக்கம்

தையல்காரி புத்தகம் படிக்கும் இ-ரீடர் புருஷனின் கணக்கில் இருந்தது. அவள் எந்த வரியை அடிக்கோடிட்டாலும் அவன் போனில் வந்து நிற்கும். அன்றைக்கு முதுகில் பூசை நிச்சயம். எந்தப் பக்கம் வரை படித்திருக்கிறாள் என்பதும் அந்தப் போனில் தெரியும். ஒருநாள் வேறு கம்பெனி ரீடரை வாங்கித் துணிமூட்டைக்குள் ஒளித்துவைத்துப் படிக்கத் தொடங்கினாள். பழையதில் சும்மாவாவது பக்கம் தள்ளிவைக்க மறந்துபோனாள். அவனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

“ஒரு மாசமா அதே பக்கத்துல நிக்குது. எதைடி மறைக்கிற?” என்று பழைய ரீடரால் அவள் மண்டையில் ஓங்கி அடித்தான். அது இரண்டாக உடைந்தது.

அவள் மூட்டைக்குள் கையை விட்டாள். புதியதற்கு இரும்பு முதுகு.

“கம்பெனிய மாத்திட்டேன்” என்று ஒரே போடு போட்டாள். நெற்றி பிளந்து சுருண்டு விழுந்தான்.

வெட்டுத்துணியால் திரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். விட்ட பக்கத்திலேயே திறந்தது.