நூல் முனையின் நீலம்

தொண்டைக் காய்ச்சல் அந்த ஊருக்குள் நீல நிறத்தில் வந்தது. நோய் கண்டவரின் எச்சில் பட்ட இடம் எதுவானாலும் காய்ந்ததும் நீலமாகிவிடும். முதலில் பேருந்துக் கம்பிகளில் தெரிந்தது, அப்புறம் டீக்கடை டம்ளர்களின் விளிம்பில், பிறகு தபால்காரர் விரலை நனைத்துப் பிரிக்கும் கடிதங்களில். இருமியவருக்கு எதிரே நின்றவரின் சட்டையில் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்தது. ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தது, பிறகு பழகிப்போய்ச் சலவைத்தூள் விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. "கிருமி எப்பவும் இப்படித்தான் போய்க்கிட்டிருக்கு. ஒருத்தர் வாயிலேருந்து கைக்கு, அந்தக் கையிலேருந்து இன்னொருத்தர் வாய்க்கு. இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்ததால், முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் அந்த வருஷம் பெருகின.

தையல்காரியின் வீட்டில் மட்டும் நீலம் ஒரு செய்தியே இல்லை. பள்ளிச் சீருடை தைப்பதுதான் அவள் பிழைப்பு. துணி நீலம், நூல் நீலம், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியும் நீலம். அவள் விரலிலும் உதட்டோரத்திலும் குடிக்கிற டம்ளரிலும் அந்தச் சாயம் வருஷம் முழுக்க ஒட்டியிருக்கும். "உங்க வீட்டுக்குள்ள நோய் வந்தா, வழி தெரியாம அதுவே திரும்பிப் போயிடும் அண்ணி" என்று நாத்தனார் சிரிப்பாள். அண்ணன் செத்த பிறகும் உறவை விடாமல், வாரம் தவறாமல் வந்துபோகிறவள் அவள். மருத்துவமனையில் ஆயா வேலை. நடுவில் அவளைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றினார்கள்.

தையல்காரிக்குக் கண் மங்கிவிட்டது. நூல் முனையை உதட்டில் நனைத்து, ஊசிக் காதைத் தேடித்தேடித் தோற்பாள். மகள் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். "உனக்குக் கண்ணு நொள்ளை. குடும்மா இப்படி." பிரிந்திருக்கும் முனையைத் தன் உதட்டில் வைத்து மறுபடி கூராக்கி, ஒரே குத்தில் கோத்துவிடுவாள். "கூலி எடு" என்று கை நீட்டினால், தாய் அந்தக் கையில் ஒரு முத்தம் வைப்பாள்.

ஊரில் கதவுகள் அடைபட்ட மாதத்தில் மகளை அவள் வாசலுக்குக்கூட அனுப்பவில்லை. உள்ளே வந்தவள் நாத்தனார் ஒருத்திதான், அதுவும் குளித்து உடை மாற்றிக்கொண்டு. அப்படியும் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டைக்குள் நீலத் தோல் படர்ந்து, மூச்சு ஓலைக்குள் காற்றுப் புகுந்தது போலச் சத்தம் போட்டது. "நீதான் வார்டிலேருந்து கொண்டுவந்து கொட்டிட்டே. இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாள் தையல்காரி. நாத்தனார் படியிறங்கிப் போனாள். பிள்ளை அத்தை அத்தை என்று இரண்டு முறை கேட்டது. அத்தை வரவில்லை. பிள்ளை போய்விட்டது.

கடைசியாகப் போட்டுவிட ஒரு வெள்ளைச் சட்டை தைக்க உட்கார்ந்தாள் தையல்காரி. அந்த வருஷத்தில் அவள் கையில் எடுத்த முதல் வெள்ளை நூல் அது. முனையை உதட்டில் நனைத்தாள், ஊசிக் காது கிடைக்கவில்லை. பிடுங்கிக்கொள்ள ஆளில்லாததால் நூலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நூல் காய்ந்தது. முனை நீலமாகியது. உதட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு இன்னொரு நூலை நனைத்தாள். அதுவும் நீலமானது. நாத்தனார் அந்த வார்டுக்குப் போவதற்கு வெகு முன்பே தனக்குத் தொண்டை கரகரத்ததும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. தட்டுத்தடுமாறிக் கோத்து, சட்டையைத் தைத்து முடித்தாள். அடக்கத்தின்போது நாத்தனார் தெருமுனையிலேயே நின்றாள். அவளைக் கூப்பிட இவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் தையல்காரி நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்று, அந்த நூலை நீட்டினாள். கதவைத் திறந்தவளின் கைகள் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்து கிடந்தன.

"நீ இல்லை. நான்தான்."

நாத்தனார் நூலை வாங்கிப் பார்த்தாள். "கேட்டாளா என்னை?"

"கேட்டா."

"நீங்க கூப்பிட்டிருக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். "சிலருக்குக் கிருமி தொண்டையில குடியிருக்கும், காய்ச்சல் அடிக்காது. மத்தவங்களுக்குத்தான் கொடுக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லம்மா" என்றார் அவர். மாத்திரை தீர்வதற்குள் அவள் உதட்டிலிருந்து நீலம் போனது, மழைக்காலம் முடிவதற்குள் ஊரிலிருந்தும் போனது.

தையல்காரியின் நூலிலிருந்து மட்டும் போகவில்லை. இப்போது மேஜையில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கிறது, அதில்தான் நூலை நனைக்கிறார்கள். வேலை முடிந்து வந்து கோத்துக் கொடுப்பது நாத்தனார். எந்த நிற நூலானாலும் முதல் விரற்கடை நீலமாகத்தான் வருகிறது. டாக்டரம்மா ஒரு துண்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதில் கிருமி எதுவும் இல்லை என்றார். "அப்ப இது என்ன டாக்டரம்மா?" என்று கேட்டதற்கு, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தைக்கக் கொடுப்பவர்கள் யாராவது கேட்டால், "கொஞ்சம் அப்படித்தான் வரும், வெட்டிடறேன்" என்கிறாள் தையல்காரி. வெட்டிய துண்டுகளை நாத்தனார் குப்பையில் போடுவதில்லை. எங்கே வைக்கிறாள் என்று அண்ணி கேட்டதும் இல்லை.