அடிப்பக்கத்துப் படங்கள்

"அதெல்லாம் சரி, படம் எங்கங்க?"

"பலகையிலதான் இருக்கு."

"பலகையில எங்க? கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுத் தேடிட்டேன்."

"அடியில."

ஒன்றாம் வகுப்பு டீச்சர் தன் கணவனை முறைத்தாள். அவன் பஸ் ஓட்டுநர். வண்டி எடுக்கப் போகும் வழியில் அவளுடைய வகுப்புச் சுவரில் ஒற்றைப் பலகைப் புது அலமாரியைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, பதக்கம் வாங்கப்போகிறவன் போல நின்றுகொண்டிருந்தான்.

"படத்து மேல சாமான வச்சா படம் மறைஞ்சிடும்ல? ரெண்டு நாளா முதுகொடிய வரைஞ்சிருக்க. அதான் அழுக்குப் படாம திருப்பிப் போட்டேன்."

"மறையறதுக்குத்தாங்க வரையறதே! தராசு படத்து மேல தராசு. காந்தப் படத்து மேல காந்தம். படிக்கத் தெரியாத பிள்ளைங்க வேற எப்படி எடுத்த இடத்துல வைக்கும்? சீக்கிரம் கழட்டுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "கோந்து வேற போட்டிருக்கேன். ஏழு ஜென்மத்துக்கும் அசையாது."

"உங்களக் கட்டிக்கிட்ட மாதிரி."

அவன் சிரித்துக்கொண்டே நழுவினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன பருவத்தில் எடைக்கல் ஒன்று ஒருவனின் சாப்பாட்டு டப்பாவில் கிடைத்ததிலிருந்து தலைமையாசிரியை இரும்பு பீரோவின் சாவியும் கையுமாகத்தான் திரிந்தார். இன்று சாப்பாட்டு மணிக்குள் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பாவிட்டால் அத்தனையும் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் பிள்ளைகள் எண்ணிப் பழகும் மணிச்சரத்தை டீச்சர் கையில் பார்க்கலாம், தொட முடியாது.

வேறு வழியில்லாமல், அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதன் படத்துக்கு நேர் மேலே வைத்து முடித்தாள். பள்ளி தொடங்கும் மணி அடித்தது. பிள்ளைகள் ஈசலாக மொய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அலமாரி மொட்டை.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், "எடுத்ததெல்லாம் வைங்க கண்ணுங்களா" என்றாள், நம்பிக்கையே இல்லாமல்.

காந்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த வாயாடிச் சிறுமி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவள் உயரத்துக்கு அலமாரி என்பதே அடிப்பக்கம்தான்.

"டீச்சர், இதோட படம் மேல ஒட்டிக்கிட்டிருக்கு!"

எழுந்து, படத்துக்கு நேர் மேலே காந்தத்தை வைத்தாள். அவ்வளவுதான். வகுப்பே மல்லாந்து படுத்து அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்தது. ஒருவன் படுத்தபடி "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு" என்று சொல்ல, இன்னொருத்தி நின்றபடி தராசை நகர்த்தினாள். பொத்தான் டப்பாவும் மரக்கட்டைகளும் தத்தம் இடத்துக்கு வந்தன. டீச்சர் வாயைப் பிளந்தாள்.

சாவிச் சத்தம் கேட்டது.

"இது வகுப்பா, பஸ் ரிப்பேர் ஷெட்டா?" தலைமையாசிரியை, வெளியே நீட்டியிருந்த கால்களைத் தாண்டி வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத உடை. அலமாரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "எல்லாம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எது எங்கன்னு ஒரு அடையாளமும் காணோமே. இன்னிக்கு ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கு. நாளைக்கு?"

வகுப்பு மூலையிலிருந்த பீரோவின் பூட்டில் சாவி நுழைந்தது.

அலமாரிக்கு அடியிலிருந்து வாயாடி கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். டீச்சர் அந்த இடத்தைப் பார்த்தாள், இஸ்திரி மடிப்பைப் பார்த்தாள்.

"மேடம்... தப்பா நெனைக்காம, ஒரே ஒரு நிமிஷம் இங்க வந்து மல்லாக்கப் படுக்கறீங்களா?"